தேய்ந்த தங்கக் கைக்கடிகாரம்: எதைச் சரிசெய்வது, எதை அப்படியே விடுவது

மெஷின் ஓடாத பழைய தங்கக் கைக்கடிகாரத்தைத் தைரியமாக வாங்கலாம். நன்றாக ஓடுகிறது, ஆனால் மெருகு போட்டுப் போட்டு கேஸ் உருக்குலைந்திருக்கிறது, டயலுக்குப் புதிதாகச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்றால் வாங்கவே கூடாது. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காதில் வைத்துப் பார்த்து, சத்தம் கேட்டதுமே மனம் இளகிவிடுகிறார்கள். மெஷினில் உள்ளதெல்லாம் உதிரிபாகங்கள். 1940களிலிருந்து 1970கள் வரை சுவிஸ் தொழிற்சாலைகள் பெருமளவில் செய்த மெஷின்களுக்கு மெயின் ஸ்பிரிங்கும் (ஓட்டும் சுருள்வில்) பேலன்ஸ் தண்டும் (ஊசலாடும் சக்கரத்தின் அச்சு) சாவித் தண்டும் (சாவிக் குமிழைத் தாங்கும் கம்பி) இன்றும் தேடினால் கிடைக்கின்றன. கேஸிலிருந்து உரசிப்போன தங்கமும் டயலிலிருந்து அழிந்த அச்சும் எங்கே தேடினாலும் கிடைக்காது. வாங்கும்போதும் பழுதுபார்க்கும்போதும் இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது.

முதலில் அது தங்கம்தானா என்று பார்க்க வேண்டும். பின்மூடியைத் திறந்து உட்புறத்தைப் படியுங்கள். 18 காரட் என்றால் 750, 14 காரட் என்றால் 585, 9 காரட் என்றால் 375. சோவியத் கேஸ்களில் 14 காரட்டுக்கு 583 என்று இருக்கும். 1995க்கு முந்தைய சுவிஸ் கேஸ்களில் 18 காரட்டுக்கு ஹெல்வெட்டியா என்ற பெண் தலை, 14 காரட்டுக்கு அணில். 1995க்குப் பிறகு எல்லா மாற்றுக்கும் (தங்கத்தின் தூய்மை அளவு) செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை. பிரெஞ்சு 18 காரட் கேஸில் கழுகுத் தலை இருக்கும், லென்ஸ் இல்லாமல் கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக.

முழுத் தங்கம் இல்லாதவையும் தங்களைப் பற்றி உண்மையே சொல்கின்றன. நாம்தான் அவசரத்தில் முதல் சொல்லை மட்டும் படித்துவிடுகிறோம். 'பிளாக்கே 20 மைக்ரான்' என்றால் 0.02 மில்லிமீட்டர் முலாம். சோவியத் கடிகாரங்களில் தங்கத்தின் வேதிக்குறியீட்டை அடுத்து 10 அல்லது 20 என்று இருந்தால் அதுவும் மைக்ரான் கணக்குதான். அமெரிக்க கேஸ்களில் '14 காரட் கோல்ட் ஃபில்ட்' என்பது பித்தளைமேல் அழுத்தி ஒட்டிய தங்கத் தகடு. அதோடு வரும் 1/20 என்ற பின்னம், மொத்த உலோக எடையில் அந்த 14 காரட் தகடு இருபதில் ஒரு பங்கு என்கிறது. பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதியிருந்தால் முன்பக்கமும் முலாமாகவே இருக்க அதிக வாய்ப்பு. அப்படி இருந்தால் அது மோசம் என்று அர்த்தமில்லை. கெட்டியான 20 மைக்ரான் முலாம், பின்னால் ஸ்டீல் மூடி என்ற அமைப்பு தினமும் கட்டுவதற்கு மிக நல்லது. தங்க விலை கொடுத்து வாங்காதவரை சரி.

முத்திரையை நம்ப முடியவில்லை என்றால் உரைகல்லையும் அமிலத்தையும் தேடாதீர்கள். அமிலச் சோதனை கேஸில் தழும்பு விட்டுப் போகும். எக்ஸ்ரே மாற்றுப் பரிசோதனைக் கருவி மேற்பரப்பை மட்டுமே படிப்பதால் தடித்த முலாமை முழுத் தங்கம் என்றே காட்டிவிடலாம். ஏமாற்றாத வழி அடர்த்தி. மெஷின், கண்ணாடி, டயலைத் தாங்கும் பித்தளை வளையம், வார்க் கம்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 0.01 கிராம் துல்லியமுள்ள தராசில் கேஸை மட்டும் காற்றில் ஒருமுறையும், நூலில் தொங்கவிட்டு நீரில் மூழ்கிய நிலையில் ஒருமுறையும் நிறுக்க வேண்டும். காற்றில் 9.30 கிராம், நீரில் 8.70 கிராம் என்றால் வித்தியாசம் 0.60. 9.30ஐ 0.60ஆல் வகுத்தால் 15.5. அது 18 காரட் மஞ்சள் தங்கம். 14 காரட் 13ஐ ஒட்டியும், 9 காரட் 11ஐ ஒட்டியும், பித்தளை 8.5ஐ ஒட்டியும் நிற்கும். மூலையில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தாலே விடை இறங்கிவிடும். ஆகவே நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கேஸை அசைத்து, மறுபடி நிறுங்கள்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. மெல்லிய 18 காரட் கேஸில் பல சமயம் பத்து கிராம்கூட உலோகம் இருக்காது. 9.30 கிராமில் சுத்தத் தங்கம் 6.98 கிராம்தான். விற்பவர் முழுக் கடிகாரத்தின் எடையைச் சொல்லிப் பேசினால், மெஷினின் பித்தளைக்கும் சேர்த்துத்தான் நம்மிடம் தங்க விலை கேட்கிறார்.

இனி லென்ஸை எடுத்துக்கொண்டு லக்குகளைப் பாருங்கள். வார் மாட்டும் அந்த நான்கு கால்களில்தான் கேஸின் வரலாறு முழுவதும் தெரியும். தொழிற்சாலையிலிருந்து வந்த லக்கின் விளிம்பு கூர்மையான கோடாக ஓடும். நான்கும் ஒரே தடிமனில் இருக்கும். பலமுறை சக்கரத்தில் பிடித்து மெருகேற்றிய லக்கோ சோப்புக்கட்டி போல மழுங்கி, நுனியை நோக்கி மெலிந்திருக்கும். வார்க் கம்பி செருகும் துளை வெளிப்பக்கத்துக்கு மிக அருகில் வந்திருக்கும். அந்தத் துளைக்கும் வெளி விளிம்புக்கும் நடுவே எவ்வளவு உலோகம் எஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். நகத்தின் தடிமனுக்கும் குறைவாக இருந்தால் அந்தக் கேஸ் ஒருநாள் கையிலிருந்து நழுவி விழும். லக்கின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ மாற்று முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. அதன் ஆழம்தான் தேய்மானத்தின் அளவுகோல். அணிலின் வால் தெளிவாகத் தெரிந்தால் கேஸில் யாரும் பெரிதாகக் கை வைக்கவில்லை என்று பொருள். நிழலாக மட்டும் தெரிந்தால் தங்கம் ஏற்கெனவே பறிபோயிருக்கிறது.

முலாம் கேஸில் தேய்மானம் வேறு மாதிரி இருக்கும். லக்கின் நுனி, சட்டைக் கை உரசும் விளிம்பு, சாவியைத் திருக விரல் படும் இடம், இவற்றில்தான் முதலில் அடி உலோகம் எட்டிப்பார்க்கும். பித்தளையானால் பச்சை படிந்த மஞ்சள், நிக்கல் கலவையானால் வெள்ளை. தங்கத்துக்கும் அதற்கும் நடுவே தெளிவான எல்லைக்கோடு தெரியும். முழுத் தங்கத்தில் எவ்வளவு தேய்ந்தாலும் நிறம் மாறாது.

டயலுக்கு வருவோம். மறுபூச்சு செய்த டயலைக் காட்டிக்கொடுப்பது எழுத்துதான். பழைய அச்சில் எழுத்தின் ஓரம் கூர்மையாக, மை சற்றே மேலெழும்பி நிற்கும். மறுபூச்சில் எழுத்துகள் தடித்து, இடைவெளி சீரில்லாமல், நிமிடக் கோடுகள் மணிக்குறிகளோடு ஒட்டாமல் விலகி நிற்கும். 6 மணிக்குக் கீழே இருக்க வேண்டிய நாட்டுப் பெயர் காணாமல் போயிருக்கலாம். டயல் விளிம்பில் சிறு வெட்டு இருந்தால், அது மறுபூச்சுக்காரர் திசை தெரிய வைத்த அடையாளமாக இருக்கலாம். வெளிறிய, புள்ளி விழுந்த, ஆனால் கன்னி கழியாத டயலுக்குத்தான் என் ஓட்டு.

ஒளிரும் பூச்சு இருந்தால் தனிக் கவனம் வேண்டும். 1960களுக்கு முந்தையது என்றால் அது கதிரியக்கமுள்ள ரேடியமாக இருக்கலாம். இருட்டில் ஒளிரவில்லையே, செத்துப்போன பூச்சுதானே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செத்தது அதிலிருக்கும், ஒளி தரும் துத்தநாக சல்ஃபைடு. ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டுகள், அது அப்படியேதான் இருக்கிறது. மூடிய கடிகாரத்தைக் கட்டுவதைவிட, உதிர்ந்த தூளை மூச்சில் இழுப்பதுதான் பெரிய ஆபத்து. சுரண்டாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், முட்களை அல்ட்ராசானிக் தொட்டியில் போடாதீர்கள். அந்த வேலைக்குப் பழகியவரிடம் கொடுங்கள். டயலின் அடியில் 'டி ஸ்விஸ் டி' என்று இருந்தால் அது டிரிட்டியம், இன்னொரு கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள் 12 ஆண்டுகள்தான். பழைய கடிகாரங்களில் பெரும்பகுதி ஓய்ந்திருக்கும்.

கேஸும் மெஷினும் ஒன்றுக்கொன்று பிறந்தவையா என்பதும் முக்கியம். 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸுக்கு 850 டாலரைத் தொட்டபோது ஏராளமான தங்கக் கேஸ்கள் உருக்குச் சட்டிக்குப் போயின. அநாதையான மெஷின்கள் பிறகு வேறு கேஸ்களில் குடியேறின. டயல் கேஸின் மையத்தில் உட்காரவில்லை, சாவித் தண்டு துளையில் சாய்வாக நுழைகிறது, மெஷினைப் பிடிக்க ஒரு பொருந்தாத வளையம் சொருகியிருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

வாங்குமுன் மெஷினுக்கும் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். சில சுற்றுச் சாவி கொடுத்து, டயல் மேலே, டயல் கீழே, சாவி கீழே என மூன்று நிலைகளில் பிடித்துப் பாருங்கள். ஒரு நிலையில் ஓடி மற்றொன்றில் நின்றால், பேலன்ஸ் தண்டின் ஒரு நுனி முறிந்திருக்கலாம். அந்த நுனியின் குறுக்களவு 0.1 மில்லிமீட்டரை ஒட்டியது. அதிர்ச்சித் தாங்கி இல்லாத மெஷின்கள் ஒரு தடவை கீழே விழுந்தாலே போதும். 'சாவி அதிகமாகக் கொடுத்து இறுகிவிட்டது' என்று விற்பவர் சொன்னால் அதைக் காரணமாக ஏற்காதீர்கள். முழுக்கச் சாவி ஏறியும் ஓடாத கடிகாரத்தில் எண்ணெய் காய்ந்திருக்கிறது அல்லது ஏதோ உடைந்திருக்கிறது. சாவித் தண்டில் துரு தெரிந்தால் மட்டும் யோசியுங்கள். உள்ளே நீர் போயிருக்கிறது, எதுவரை என்று பிரித்தால்தான் தெரியும்.

பிரிப்பது இப்படி. அழுத்தி மூடிய பின்மூடியின் விளிம்பில் கத்தி நுழைய ஒரு சிறு பள்ளம் இருக்கும். தங்கம் மென்மையானது என்பதால் கேஸின் மேல் டேப் ஒட்டிவிட்டு, கத்தியை நெம்பாமல் நேராக அழுத்தித் திருகுங்கள். தண்டைக் கழற்ற, அதைப் பிடித்திருக்கும் லீவர் திருகை ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்த வேண்டும். முழுக்கக் கழற்றினால் லீவர் அடியில் விழுந்துவிடும், அதைத் திருப்பிப் பொருத்த டயலையே எடுக்க வேண்டிவரும். முட்களை எடுக்கும்போது டயலின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வையுங்கள். டயலின் செம்புக் கால்களைப் பிடிக்கும் பக்கத் திருகுகளைத் தளர்த்தியதும் டயல் தானாக எழ வேண்டும். எழவில்லை என்றால் நெம்பாதீர்கள், கால் ஒடிந்துவிடும்.

மெஷினின் பாகங்களைக் கழற்றும் முன், தண்டைத் திரும்பச் செருகி, மெயின் ஸ்பிரிங்கின் சக்தியை இறக்கியாக வேண்டும். சாவியை விரலால் பிடித்துக்கொண்டு, கிளிக்கை (சுருள் திரும்பாமல் பிடிக்கும் கொக்கியை) ஒதுக்கி, விரல்களுக்கு நடுவே மெல்ல நழுவவிடுங்கள். இதை மறந்து, சக்கரங்களைத் தடுத்துத் தடுத்து விடுவிக்கும் பாலெட்டின் பாலத்தை (மேலே பிடித்திருக்கும் தகட்டை) கழற்றினால் சக்கரங்கள் கட்டுமீறிய வேகத்தில் சுழன்று நுனிகள் முறியும். பிறகு பேலன்ஸ், பாலெட், சக்கரப் பாலம், பாரலின் (மெயின் ஸ்பிரிங் இருக்கும் உருளைப் பெட்டியின்) பாலம் என்ற வரிசை. சாவிச் சக்கரத்தின் திருகு பல மெஷின்களில் இடப்புரி. வழக்கம்போல் இடப்பக்கம் திருகி இறுக்கித் தலையை உடைத்தவர்கள் நிறைய. அதன் தலையில் மூன்று வெட்டுகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம், எதிர்த்திசையில் திருகுங்கள். சாவி அமைப்பில் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகளை ஒரு குச்சியால் அழுத்திப் பிடித்தபடி எடுங்கள், பறந்தால் கிடைக்காது.

கழுவும்போது பலர் கவனிக்காத ஒன்று: பாலெட்டின் கற்களும், பேலன்ஸிலிருந்து பாலெட்டைத் தட்டும் உருளைக் கல்லும் அரக்கால் ஒட்டப்பட்டவை. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அவற்றை ஊறப்போட்டால் கற்கள் கழன்று வரும். இவ்விரண்டுக்கும் நாஃப்தா போதும். கல் துளைகளை முதலில் கூர் சீவிய மரக்குச்சியால் துழாவுங்கள். குச்சி கறுப்பில்லாமல் வரும்வரை சீவிச் சீவிச் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் தொட்டியில் போட்டால் காய்ந்த பழைய எண்ணெய் கல்லிலேயே தங்கிவிடும்.

நீல நிறக் கார்பன் எஃகு மெயின் ஸ்பிரிங் இருந்தால், ஓடினாலும் மாற்றிவிடுங்கள். அது முறுக்கை இழந்திருக்கும், துருப்பிடித்து ஒருநாள் அறுந்துவிடும். துருப்பிடிக்காத வெள்ளை உலோகக் கலவையில் புதியது வாங்கும்போது அகலம், தடிமன், நீளம், பாரலின் உள்விட்டம் என்ற நான்கும் பொருந்த வேண்டும். தடிமனில் 0.01 மில்லிமீட்டர் கூடினாலும் விசை கணிசமாக ஏறும். பேலன்ஸ் அளவுக்கு மீறி வீசி, உருளைக் கல் பாலெட் முள்கரண்டியின் வெளிப்பக்கம் மோத ஆரம்பிக்கும். அப்போது கடிகாரம் நாளைக்குப் பல நிமிடங்கள் முந்தி ஓடும், காந்தம் ஏறிவிட்டது என்று தவறாக நினைக்கத் தோன்றும். ஸ்பிரிங்கை விரலால் சுருட்டிப் பாரலில் திணிக்காதீர்கள். அது கூம்பாக முறுக்கிக்கொண்டு பாரல் மூடியில் உரசும். அதற்கென்று இருக்கும் சுருட்டுக் கருவியைப் பயன்படுத்துங்கள்.

எண்ணெய் குறைவாக வேண்டும், இடம் தவறக் கூடாது. வேகமாகச் சுழலும் நுனிகளுக்கும், பேலன்ஸ் தண்டின் நுனியை மூடும் மூடிக் கல்லுக்கும் மோபியஸ் நிறுவன எண்ணெயில் 9010. மையச் சக்கரம், பாரல் அச்சு போன்ற மெதுவான, கனமான இடங்களுக்கு எச்பி 1300. பாலெட் கற்களின் தள்ளுமுகத்துக்கு 9415. சாவி அமைப்புக்குக் கிரீஸ். பாலெட் தண்டின் நுனிகளுக்கு எதுவும் கூடாது, சக்கரப் பற்களுக்கும் கூடாது. மூடிக் கல்லில் விடும் சொட்டை லென்ஸில் பார்த்தால் நடுவில் வட்டமாக நிற்க வேண்டும், கல்லின் குறுக்களவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை. விளிம்பைத் தொட்டுவிட்டால் எண்ணெய் முழுவதும் பரவி ஓடிவிடும். துடைத்துவிட்டு மறுபடி வைப்பதுதான் வழி.

டைம்கிராஃபரில் (கடிகாரத்தின் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) வைக்கும்முன் அந்த மெஷினின் லிஃப்ட் கோணத்தை (பாலெட்டைத் தொட்டபடி பேலன்ஸ் திரும்பும் கோணம்) சரியாகக் கொடுங்கள். கருவி பொதுவாக 52 பாகையில் நிற்கும். உங்கள் மெஷினுக்கு அது வேறாக இருந்தால் வீச்சு (பேலன்ஸ் ஒரு பக்கம் திரும்பும் அளவு) தப்பாகவே காட்டும். முழுச் சாவியில், படுத்த நிலையில் வீச்சு 270 முதல் 300 பாகை வந்தால் நல்ல வேலை. நிமிர்ந்த நிலைகளில் 30, 40 பாகை குறைவது இயல்பு. மணிக்கு 18,000 அடிக்கும் பழைய மெஷின் நாளைக்கு 10, 15 வினாடிக்குள் நின்றால் அதற்குமேல் துரத்த வேண்டாம் என்பதே என் கருத்து. பீட் எரர் (டிக், டாக் இடைவெளிகளின் வித்தியாசம்) 1 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது. ஆனால் ஹேர் ஸ்பிரிங்கின் (பேலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருள்) வெளிமுனையைப் பிடிக்கும் ஸ்டட்டை நகர்த்த முடியாத மெஷினில் அதைக் குறைக்க அதன் கழுத்து வளையத்தையே திருப்ப வேண்டும். 1.5 இருந்தும் நன்றாக ஓடினால் ஹேர் ஸ்பிரிங்கைப் பணயம் வைக்காதீர்கள்.

கண்ணாடி அக்ரிலிக்கானால் கீறல்களை பாலிஷ் பசையும் பருத்தித் துணியும் எடுத்துவிடும். வெடிப்பிருந்தால் மாற்றுங்கள். 1930களைச் சேர்ந்த மஞ்சளித்த செல்லுலாயிடு கண்ணாடி இருந்தால், அழகாக இருக்கிறதே என்று விட்டுவைக்காதீர்கள். அது சிதையும்போது வெளிவரும் அமிலப் புகை முட்களைத் துருப்பிடிக்க வைக்கும்.

டயலை நீரோ எச்சில் தொட்ட பஞ்சோ நெருங்கக் கூடாது. ரப்பர் ஊதியால் தூசியைத் தள்ளுங்கள், அவ்வளவுதான். மேலே இருக்கும் லாக்கர் பூச்சு வெடித்திருந்தால் ஈரம் பட்ட நொடியில் பெயரே கழன்று வந்துவிடும்.

கடைசியில் கேஸ். இங்கேதான் கை அரிக்கும், இங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மெஷினை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷாலும் பல்குத்தும் குச்சியாலும் லக்குகளின் இடுக்குகளைத் தேய்த்தாலே பாதி 'தேய்மானம்' அழுக்காகக் கரைந்து போகும். மெல்லிய கீறல்களுக்கு ஆபரணத் துணியால் கையால் துடைப்பது போதும். சுழலும் பஃப் சக்கரம் வேண்டாம். 20 மைக்ரான் முலாமை அது ஒரு தடவையில் விளிம்புகளில் தாண்டிவிடும். முழுத் தங்கத்தில் தாண்டாது, ஆனால் கோடுகளைத் தின்றுவிடும். பின்மூடியில் குழி விழுந்திருந்தால் உள்ளிருந்து மரத்தாலோ பித்தளையாலோ ஆன மழுங்கிய உளியால் தள்ளி எடுக்கலாம். அதனால் உலோகம் குறையாது.

லக் துளை அறுந்துபோயிருந்தால் அதே மாற்று, அதே நிறத் தங்கத்தைக் கொண்டு லேசர் வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். வாயு விளக்கால் பற்றவைத்தால் பற்றுப்பொடியின் நிறம் தனியாகத் தெரியும், சூட்டில் கேஸ் முழுதும் மென்மையாகும், வெப்பம் தவறினால் வடிவமும் கெடும். முலாம் தேய்ந்த கேஸுக்கு மறுமுலாம் போடலாமா என்று கேட்பார்கள். போடுமுன் அடி உலோகத்தைச் சமப்படுத்தி மெருகேற்றியாக வேண்டும், அதில் எஞ்சியிருந்த கோடுகளும் போய்விடும். ஆபரண முலாமோ பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, தினமும் கட்டினால் சீக்கிரமே போய்விடும். பித்தளையில் பள்ளம் விழுந்து பச்சைப் பிடித்து, தோலை அரிக்கும் அளவுக்குப் போயிருந்தால் மட்டும் செய்யுங்கள். அப்போதும் எத்தனை மைக்ரான், அடியில் எந்த உலோகம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

வார் மெல்லிய தோலாக இருக்கட்டும். கனமான உலோகப் பட்டை தங்க லக்கின் துளைகளை அறுக்கும். பழைய கடிகாரங்களில் லக் இடைவெளி 17, 19 மில்லிமீட்டர் என்றும் வரும். 18ஐ வாங்கி நசுக்கி நுழைக்க வேண்டாம். கழற்ற முடியாத நிலைக் கம்பி இருந்தால் திறந்த முனை வார்தான். நீர் புகாதது என்று மூடியில் எழுதியிருந்தாலும் கை கழுவும்போது கழற்றிவிடுங்கள். முறையாக எண்ணெயிட்ட மெஷினை நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை திறந்தால் போதும், வீச்சு 220க்குக் கீழே இறங்கினால் அதற்கு முன்பே. பழுதுபார்த்த தேதியைப் பின்மூடியின் உட்புறத்தில் கீறி வைப்பது பழைய தொழிலாளர்களின் வழக்கம். அவர்கள் கீறியவற்றை அழிக்காதீர்கள், புதிதாகவும் கீறாதீர்கள். தேதி, மாற்றிய ஸ்பிரிங்கின் நான்கு அளவுகள், டைம்கிராஃபர் காட்டிய எண்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, கழற்றிய பழைய பாகங்களோடு ஒரு சின்ன உறையில் போட்டு, கடிகாரத்தோடு வையுங்கள்.